மயில்மேல் நின்றுபோன பாட்டு

(மதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் மொழிபெயர்ப்பு படிக்கும் மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். பழைய பாடகர் ஒருவரின் கடைசிக் கச்சேரியைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை கையில் இருந்தது. எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டாள், ஒரு சொல்லில் மட்டும் நின்றுவிட்டாள்.

"ஐயா, 'ஸ்வான் சாங்'குக்குத் தமிழ்ல என்ன போடுறது? 'அன்னத்தின் பாட்டு'ன்னு போட்டேன். எங்கம்மா வாசிச்சுட்டு, 'அன்னம் எங்கடி பாடுச்சு? பாலையும் தண்ணியையும் பிரிக்கும்னுதான கேள்விப்பட்டிருக்கோம்'னு கேக்குறாங்க."

அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. இன்றைய என் பேச்சு முழுவதும் அவர் கேட்ட கேள்விக்குச் சொல்ல முயலும் பதில்தான்.

சொல்லின் பொருள் எளிது. கலைஞர் ஒருவர் கடைசியாகப் பாடிய பாட்டு, ஆடிய ஆட்டம், எழுதிய நூல், விளையாட்டு வீரர் ஓய்வு பெறுமுன் ஆடும் கடைசிப் பந்தயம், எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரு பெயர் போதும். ஆங்கிலத்துக்கு அது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. ஜெர்மனுக்கும் சொந்தச் சரக்கில்லை. வேரைத் தோண்டிக்கொண்டே போனால் கிரேக்கத்தில் போய் நிற்கும்.

அன்னம் ஆயுள் முழுக்க வாய் திறக்காது, சாகும் வேளையில் மட்டும் பாடும், அந்தப் பாட்டுக்கு ஈடான பாட்டு உலகத்தில் இல்லை. இது கிரேக்கர்களிடம் வழங்கிய நம்பிக்கை. கி.மு. 458இல் மேடையேறிய ஏஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தில் இது வருகிறது. தன் சாவை முன்கூட்டியே அறிந்து புலம்பிய கசாந்திராவைக் கொன்றுபோட்ட அரசி, அவள் அன்னம்போலக் கடைசிப் பாட்டைப் பாடிவிட்டுக் கிடக்கிறாள் என்கிறாள். ஒரு நாடக மேடையில் இந்த உவமை நமக்குக் கிடைக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாடக மேடைக்கு உங்களைக் கூட்டிப்போகப் போகிறேன்.

ஏஸ்கிலஸுக்குப் பிறகு அந்தப் பறவையை எடுத்துப் பேசியவர் சாக்ரட்டீஸ். கி.மு. 399, ஏதென்ஸ் சிறைச்சாலை, அன்று மாலை அவர் நஞ்சு குடிக்க வேண்டும். நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சாவதற்குச் சில மணி நேரம் இருக்கும் மனிதரிடம் தங்கள் ஐயங்களைக் கேட்பதா வேண்டாமா என்று தயங்குகிறார்கள். அப்போது அவர் சொன்னதாகப் பிளேட்டோ 'பீடோ' என்ற உரையாடலில் எழுதிவைத்திருப்பதன் சாரம் இது. அன்னம் துக்கத்தில் பாடுவதாக மனிதர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்குச் சாவைக் கண்டு பயம், அந்தப் பயத்தைப் பறவையின் மேல் ஏற்றிவிட்டார்கள். பசியிலோ குளிரிலோ வலியிலோ எந்தப் பறவையும் பாடுவதில்லை. அன்னம் அப்போலோ தெய்வத்தின் பறவை. தன் தெய்வத்திடம் போகப்போகிறோம் என்று தெரிந்து மகிழ்ந்து பாடுகிறது. நானும் அதே தெய்வத்தின் ஊழியன்தான், கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்கிறார்.

இந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருக்கத்தான் தோன்றும்.

அன்னம் உண்மையில் பாடுமா? பாடாது என்று ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். ஐரோப்பாவின் குளங்களில் சாதாரணமாகக் காணப்படும் அன்னத்துக்கு ஊமை அன்னம் என்றே பெயர். சீறும், உறுமும், பறக்கும்போது சிறகு மட்டும் ஓசையிடும். வட ஐரோப்பாவில் வேறோர் இனம் உண்டு. அதன் மூச்சுக்குழல் நெஞ்செலும்புக்குள் புகுந்து சுருண்டு திரும்பி வருகிறது. கொம்பு வாத்தியம் மாதிரியான அமைப்பு. அது செத்துக்கொண்டிருக்கையில் நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று அந்த நீண்ட குழல் வழியே வெளியேறும்போது ஓசை எழக்கூடும், கதைக்கு மூலம் அதுவாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. 1898இல் அமெரிக்கப் பறவையியலாளர் டேனியல் கிராட் எலியட், சுடப்பட்ட ஓர் அன்னம் கீழே இறங்கும்போது இசைபோன்ற ஒலியெழுப்பியதைக் கேட்டதாகப் பதிவு செய்திருக்கிறார். பறவையைப் பற்றி இவ்வளவு போதும்.

நம் அன்னத்துக்கு வருவோம். அந்த அம்மா சொன்னது முழுக்கச் சரி. தமிழ் அன்னம் பாலைப் பிரிக்கும். பெண்ணின் நடைக்கு உவமையாகும். நளனுக்கும் தமயந்திக்கும் நடுவே தூது போகும். சாகும்போது பாடியதாக நம் புலவர் யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் நம் அன்னமும் ஒரு மரணத்தைத் தொட்டுக்கொண்டு பறந்திருக்கிறது. புறநானூற்றின் 67ஆம் பாட்டு. பாடியவர் பிசிராந்தையார், நம் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊர்க்காரர். மாலை மயங்கும் நேரம். குமரிக் கடலில் மீன் மேய்ந்துவிட்டு வடமலை நோக்கிப் பறக்கிறது ஓர் அன்னச்சேவல். அதைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: போகிற வழியில் சோழநாடு வரும், உறையூர் மாடத்தில் உன் பெடையோடு இறங்கு, வாயிலில் யாரையும் கேட்காமல் உள்ளே போ, கோப்பெருஞ்சோழனிடம் பிசிர் ஆந்தையின் ஆள் நான் என்று சொல். உன் பெடைக்கு நகை தருவான்.

இத்தனைக்கும் அந்த அரசனைப் பிசிராந்தையார் பார்த்ததே இல்லை. அவனும் இவரைப் பார்த்ததில்லை. பின்னாளில் பிள்ளைகளோடு பகை மூண்டு, மனம் வெறுத்து, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விடுவது வடக்கிருத்தல். உட்கார்ந்தவன், ஆந்தைக்கும் ஓர் இடம் விட்டுவையுங்கள், வருவான் என்றான். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. அவர் பாண்டிநாட்டிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். அருகில் உட்கார்ந்து அவனோடு உயிர்விட்டார்.

தூதாகப் போன அந்தப் பறவை எது என்று பறவை ஆர்வலர்கள் தேடியிருக்கிறார்கள். இமயத்தைத் தாண்டி வந்து குளிர்காலத்தைத் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் கழிக்கும் பட்டைத்தலை வாத்தாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. வடமலைக்கும் குமரிக்கும் போய்வருகிற பறவை என்பதால் எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. எதுவாயினும் அது பாடவில்லை, சேதி சுமந்தது. கிரேக்க அன்னம் தன் சாவைத் தானே பாடுகிறது. பாண்டிநாட்டு அன்னமோ ஒருவன் நெஞ்சிலிருப்பதை இன்னொருவன் காதுக்குக் கொண்டுபோகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நான் மேலே போக வேண்டும்.

பாட்டையும் சாவையும் சேர்த்துச் சொல்லும் கதை தமிழில் இல்லாமல் இல்லை. அசுணம் என்றொரு உயிரைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. நல்ல இசை கேட்டால் மயங்கி நெருங்கி வரும். வேட்டைக்காரன் முதலில் யாழை வாசித்து அதை வரவழைத்து, பிறகு பறையை அறைவான். வன்மையான அந்த ஓசையைத் தாங்காமல் அது செத்துவிழும். இன்பமும் துன்பமும் ஒரே கையிலிருந்து வருவதற்கு அசுணம் கொல்பவரின் கையை நற்றிணை உவமையாக்குகிறது. அடுத்தது நந்திக் கலம்பகம். தன்மேல் பாடப்பட்ட கலம்பகத்தைக் கேட்டு முடித்தால் உயிர் போகும் என்று தெரிந்தும், தமிழின்மேல் வைத்த ஆசையால் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் சிதைமேல் இருந்தபடி கேட்டு எரிந்துபோனான் என்பது நாடு முழுக்க வழங்கும் கதை. வரலாறாக அதை யாரும் கொள்வதில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசுணமும் நந்தியும் கேட்டவர்கள். பாடியவர்கள் இல்லை. தமிழ்க் கற்பனை பாட்டின் கடைசியைப் பாடுகிறவரின் தொண்டையில் தேடவில்லை, கேட்கிறவரின் காதில் தேடியிருக்கிறது.

அதில் ஓர் உண்மை இருப்பதாக நான் நினைக்கிறேன். கடைசிப் பாட்டு எது என்று பாடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

ஐரோப்பாவில் 'ஸ்வான் சாங்' என்ற சொல்லைப் பரப்பியதில் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாடல் தொகுப்பு ஒன்றுக்கும் பங்குண்டு. ஜெர்மன் மொழியில் அதன் பெயரே 'அன்னப் பாட்டு'தான். ஷூபர்ட் 1828 நவம்பரில், தம் 31ஆம் வயதில் இறந்தார். தொகுப்பு வெளிவந்தது 1829இல். பெயர் வைத்தவர் பதிப்பாளர் ஹாஸ்லிங்கர். இசையமைத்தவருக்கு அப்படி ஒரு தொகுப்பு வரப்போவதும் தெரியாது, அதற்கு அப்படி ஒரு பெயர் அமையப்போவதும் தெரியாது.

நம் பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1904இல் இதே மதுரையில் சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அச்சில் வந்த அவரது முதல் பாட்டும் மதுரையின் 'விவேகபானு' இதழில் அதே ஆண்டில்தான் வந்தது. கடைசிப் பேச்சு எது என்று யாரைக் கேட்டாலும், ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் 1921 ஜூலை 31 அன்று 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசியதைச் சொல்வார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்ததால் அந்தத் தலைப்பு நம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ஆனால் மறுநாளும் அவர் ஈரோட்டிலேயே பேசினார். அப்போது எடுத்துக்கொண்ட பொருள் இந்தியாவின் எதிர்கால நிலை. இதைச் சுதேசமித்திரனில் அவரே எழுதியிருக்கிறார். நாள் கணக்கைப் பார்த்தால் ஜூலை 31 கடைசி இல்லை. நாம்தான் அதைக் கடைசியாக்கி வைத்துக்கொண்டோம். அதில் தவறும் இல்லை. மரணமில்லை என்று சொன்னவனின் குரலைக் கடைசிக் குரலாக வைத்துக்கொள்ள ஒரு சமூகம் ஆசைப்பட்டது.

இனி நான் பேச வந்த மனிதரிடம் வருகிறேன்.

இங்கிருந்து விருதுநகர் சாலையில் போனால் திருமங்கலம். அந்த ஊரில் தியாகி விஸ்வநாததாஸ் நினைவு இல்லம் இருக்கிறது, அரசு பராமரிக்கிறது. பேருந்தில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். இறங்கிப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. இறங்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விஸ்வநாததாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தவர். மருத்துவர் சமூகம், அன்றைய ஊர் வாயில் நாவிதர் வீட்டுப் பிள்ளை. பிறகு திருமங்கலத்துக்காரர் ஆனார். குரல் அவரை நாடகத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. அந்தக் காலத் தமிழ் நாடகத்தை ஒரு வடிவுக்குக் கொண்டுவந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வைத் தொடங்கியவரும் அவர்தான். டி.கே.எஸ். சகோதரர்கள் பிள்ளைகளாகச் சேர்ந்தது அந்தச் சபையில்தான். சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இன்றைக்கும் நம் கிராமங்களில் விடிய விடிய நடக்கிறது. விஸ்வநாததாஸ் பேர்பெற்றதும் அந்த நாடகத்தில் முருகனாக நடித்து.

மேடையில் அவர் முருகன். மேடையை விட்டு இறங்கினால் அவரைத் தொடத் தயங்கிய ஊர். அவருடைய சாதியைக் காரணம் காட்டி ஜோடியாக நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். சாமியாக வந்து நின்றால் கும்பிடுவார்கள், வேஷம் கலைந்தால் ஒதுக்குவார்கள். இதைச் சொல்லாமல் அவர் தேசபக்தியை மட்டும் பேசிவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

மதுரகவி பாஸ்கரதாஸ் மதுரை நாடக மேடைகளுக்குப் பாட்டெழுதித் தந்தவர். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' படத்துக்கும் பாட்டெழுதினார். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் அவர் எழுதிய பாடல்களை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல்களில் முதன்மையானது விஸ்வநாததாஸின் குரல். அப்போது வானொலி வரவில்லை. செய்தித்தாள் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்குச் சில பேர். பஞ்சாபில் நடந்ததைப் பாண்டிநாட்டுக் குடியானவனுக்குச் சொன்னது இரவு நாடகம்.

அவர் பாடிப் புகழ்பெற்ற கொக்குப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வள்ளி திருமணத்தின் கதை உங்களுக்குத் தெரியும். வள்ளி தினைப்புனம் காக்கிறாள். பறவைகளை ஆலோலம் பாடி விரட்டுகிறாள். அதற்குள்ளே கொக்கை விரட்டும் ஒரு பாட்டு வந்தால் கேட்கிறவனுக்கு வேற்றாகவே தோன்றாது. கொக்கு வெள்ளை. வந்து மேய்ந்துவிட்டுப் போகும். நம் வயலுக்கு வரும், ஆனால் நம் வயலைச் சேர்ந்ததன்று. யாரைச் சொல்கிறார் என்று தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் விளங்கும், ஓரமாக நிற்கும் போலீஸ்காரனுக்கும் விளங்கும். நாடகங்களைத் தடுக்க 1876ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கையில் இருந்தது. மேடையிலேயே அவரைக் கைது செய்தார்கள். விடுதலையாகி வந்ததும் மறுபடி மேடையேறி அதே பாட்டைப் பாடினார். மறுபடி சிறை. இதுவே அவர் பிழைப்பாகவும் வாழ்வாகவும் ஆகிப்போனது.

1940ஆம் ஆண்டின் கடைசி நாள். போருக்கு இந்தியாவைக் கேட்காமல் இழுத்ததை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் விலகி ஓராண்டு தாண்டிவிட்டது. தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியாயிற்று. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகன் மயில்மேல் அமர்ந்து காட்சி தருகிறார். பாட்டெடுக்கிறார். பாடிக்கொண்டிருந்தவர் பாட்டின் நடுவே அப்படியே சாய்ந்தார். மயிலாசனத்திலேயே உயிர் போய்விட்டது. அவருக்கு அப்போது 54 வயது.

அரங்கில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வேஷக்காரர் விழுந்தால் நடிப்பா நிஜமா என்று முதல் கணத்தில் யாருக்குப் புரியும்? ஆர்மோனியக்காரர் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருப்பார். மிருதங்கம் ஒரு ஆவர்த்தம் சும்மா ஓடியிருக்கும். இது நான் நாடகம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணால் ஊகிப்பது, எந்தப் பதிவிலிருந்தும் எடுத்துச் சொல்வதன்று. ஆனால் மிருதங்கம் ஓடி, அடுத்த அடி வராமல், அது நின்ற அந்த இடம்தான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

இதை 'அன்னத்தின் பாட்டு' என்று சொன்னால் பொருந்துமா? எனக்குப் பொருந்தவில்லை. சாக்ரட்டீஸின் அன்னத்துக்குத் தான் போகப்போவது தெரியும். தெரிந்து பாடுகிறது, முழுப் பாட்டையும் பாடிவிட்டுப் போகிறது. திருமங்கலத்துக்காரருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் பாடியது வழக்கமான பாட்டு, எத்தனையோ ஊரில் பாடியது. அதை அவர் முடிக்கவும் இல்லை. அன்று அந்த நாடகத்துக்கு மங்களம் பாடப்படவில்லை.

அந்த மாணவியின் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய சொல் இதோ வந்துவிட்டது. மங்களம்.

கச்சேரியானாலும் கதாகாலட்சேபமானாலும் நாடகமானாலும் கடைசியில் மங்களம் பாட வேண்டும். சங்கீத மேடையில் சௌராஷ்டிர ராகம் காதில் விழுந்ததும் குடையைத் தேடுகிறவர்களும் செருப்பை நினைக்கிறவர்களும் உண்டு. ஆனாலும் மங்களம் பாடாத கச்சேரியை முடிந்த கச்சேரியாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இந்த வழக்கத்திலிருந்து பேச்சுமொழி ஒரு தொடரை எடுத்துக்கொண்டது. ஒரு கொட்டகையை இழுத்து மூடினால், "அதுக்கு எப்பவோ மங்களம் பாடிட்டாய்ங்க" என்று நம் டீக்கடையில் சொல்கிறார்கள். ஓர் ஆட்டம், ஒரு தொழில், ஒரு பதவி, எது முடிந்தாலும் மங்களம்தான். கடைசி நிகழ்ச்சியைக் குறிக்க நம்மிடம் ஒரு மரபுத்தொடர் இருந்திருக்கிறது, தினமும் வாயில் புழங்கியிருக்கிறது. வெளியூர்ப் பறவையைத் தேடிப் போய்விட்டதால் கண்ணில் படவில்லை.

இந்தச் சொல்லுக்குள் இன்னும் ஓர் அறை இருக்கிறது. நன்னூலில் பவணந்தியார் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. நல்லதல்லாத ஒன்றை நல்ல சொல்லால் சொல்வது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். நம் வீடுகளில் இன்றும் விளக்கை அணைத்தோம் என்று சொல்வதில்லை, குளிரவைத்தோம், மலையேறிவிட்டது என்போம். போகிறேன் என்று சொல்லிப் படியிறங்கினால் பெரியவர்கள் கூப்பிட்டு, வர்றேன்னு சொல்லிட்டுப் போ என்பார்கள். ஒரு முடிவைச் சொல்ல 'மங்களம்' என்ற சொல்லையே தமிழர் எடுத்துக்கொண்டது அதே மனத்தின் வேலை. முடிவைக் குறிக்கும் தொடரே மங்கல வழக்காகவும் அமைந்துவிட்டது. வேறெந்தச் சொல்லில் இது இவ்வளவு கச்சிதமாக நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மங்களம் யாருக்காகப் பாடப்படுகிறது என்றும் பாருங்கள். தெய்வத்துக்கு முதலில். பிறகு சபைக்கு. கேட்டவர்கள் நன்றாக இருக்க வேண்டும், ஊர் செழிக்க வேண்டும், மழை பெய்ய வேண்டும். தன் முடிவைப் பற்றி அதில் பாடுகிறவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பிசிராந்தையாரின் அன்னம்போல அதுவும் இன்னொருவரை நோக்கிப் போகிறது.

கடைசியை அறிந்தே நிறுத்திக்கொண்டவர்களும் இந்த ஊரில் பிறந்திருக்கிறார்கள். அனுமந்தராயன் கோவில் தெருவில் முகப்பில் வீணை வைத்துக் கட்டிய வீடு எம்.எஸ். சுப்புலட்சுமியுடையது. 1997 நவம்பரில் கணவர் சதாசிவம் காலமானார். அதன்பின் எம்.எஸ். பொதுமேடையில் பாடவில்லை. அவர் மறைந்த 2004 டிசம்பர் 11 வரை ஏழு ஆண்டுகள் அந்தக் குரல் மேடைக்கு வெளியிலேயே இருந்தது. கிரேக்கக் கதையைத் தலைகீழாகத் திருப்பிய வாழ்க்கை. ஆயுள் முழுக்கப் பாடிவிட்டுக் கடைசியில் மௌனமானவர். அவருடைய கடைசிக் கச்சேரியில் இருந்தவர்களுக்கும் அது கடைசி என்று தெரிந்திருக்க நியாயமில்லை. இன்னொரு கச்சேரிக்கு வருவோம் என்று நினைத்துத்தான் எழுந்து போயிருப்பார்கள்.

மாணவிக்கு நான் என்ன எழுதச் சொன்னேன் என்று கேட்பீர்கள். கிரேக்கக் கதையைப் பற்றியே கட்டுரை பேசினால் அன்னத்தை அப்படியே வை, ஓர் அடிக்குறிப்புப் போடு என்றேன். ஒரு பாடகரின் கடைசிக் கச்சேரியை மட்டும் சொன்னால், 'அவர் மங்களம் பாடிய மேடை' என்று எழுது என்றேன். எழுதினாள். அம்மாவுக்கும் விளங்கியதாம்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, வானம் பார்த்த கரிசல் காடு. பங்குனி, சித்திரையில் பொங்கல் வைத்தால் வள்ளி திருமணம் உண்டு. இந்த வகை நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர், ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறு வேறு ஊர். ஒத்திகை கிடையாது. அன்று ராத்திரி பத்து மணிக்கு மேடையில் சந்தித்து விடிய விடிய ஒரே கதையை நடத்திவிடுவார்கள். எல்லோருக்கும் பாடம் அப்படி. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது என் அப்பத்தா மடியில் படுத்து நாரதர் வருவதற்குள் தூங்கிவிடுவேன். அப்பத்தா தூங்கவிட்டுவிடும். ஆனால் விடிகிற நேரத்தில் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பும்.

"எந்திரிய்யா, மங்களம் பாடுறாங்க. படுத்துக்கிட்டு கேக்கக் கூடாது."

கண்ணைத் திறந்தால் மேடை விளக்கு வெளிறிப்போயிருக்கும். கிழக்கே கரிசலுக்கு மேல் வெளுப்பு ஏறிக்கொண்டிருக்கும். முருகன் வேஷம் போட்டவர் முகத்தில் அரிதாரம் வழிந்து கோடு கோடாக இருக்கும், குரல் கம்மியிருக்கும். வள்ளியும் பபூனும் ஆர்மோனியக்காரரும் ஒரே வரிசையில் நின்று பாடுவார்கள். பாதிச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டே நிற்கும், அப்பத்தா மட்டும் இரண்டு கையையும் கூப்பியிருக்கும். சில வருஷங்களில் அந்த வரிசை முடிந்ததும் ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுக்காமல் இன்னும் சற்று நேரம் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். ஏன் என்று ஒருமுறை அப்பத்தாவிடம் கேட்டேன்.

"தாசு பாட்டு பாக்கி நிக்குதுல்லய்யா" என்றது.